ஆத்துத் தண்ணியில இருக்கிற உசுர யாரு எண்ணுறது?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் தலவாக்கலை பக்கம் ஆட்டோ ஓட்டுறவன். ஓ லெவல் வரைக்கும்தான் படிச்சேன், பேப்பருக்கு கடிதம் எழுதுறது இதான் மொத தடவ, எழுத்துப்பிழை இருந்தா திருத்திப் போடுங்க, ஆனா விஷயத்த மட்டும் வெட்டாம போடுங்கன்னு கேட்டுக்கிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி உங்க ஞாயிறு பேப்பர்ல நம்ம மலையகத்து நீர்த்தேக்கம் ஒன்னோட படம் அரப்பக்கத்துக்கு கலர்ல வந்திருந்துச்சு. தண்ணி பூரா கெட்டிப் பச்ச, கரையோரம் பெயின்ட் ஊத்துன மாதிரி ஒரு ஏடு. அது மரகதம் மாதிரி அழகா இருக்குன்னு கீழ எழுதியிருந்தீங்க. சலூன்ல அத பாத்த எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க. ஒரு வருஷத்துக்கு முந்தி நானும் அப்பிடித்தான் சொல்லியிருப்பேன். இப்ப அந்த படத்த பாத்ததும் வயித்துல என்னமோ பண்ணிருச்சு, அதுனாலதான் இத எழுதுறேன்.

எங்க அக்கா மக கெம்பஸ்ல கடைசி வருஷம் படிக்கிறா. அவளுக்கு ஆத்துத் தண்ணியில இருக்கிற பைட்டோபிளாங்டன் பத்தி ஒரு ஆய்வு செய்யணும். பைட்டோபிளாங்டன்னா தண்ணியில மெதக்கிற, வெறுங்கண்ணுக்கு தெரியாத செடி மாதிரியான சின்ன உசுருக, பொடிப் பாசின்னு வச்சுக்குங்க. மரஞ்செடி மாதிரி வெயில வச்சு தனக்கு சாப்பாடு செஞ்சுக்கும், ஒட்சிசன் விடும். இந்த ஒலகத்துல நடக்கிற ஒளித்தொகுப்புல பாதிக்கு கிட்ட இதுகதான் செய்யுதாம், அதுலயும் பெரும்பங்கு கடல்ல. மாசா மாசம் தண்ணி எடுக்கணும், வாகனத்துக்கு காசு இல்ல, மாமா நீங்க வர்றீங்களான்னு கேட்டா. ஒரு வருஷம் பூரா மாசத்துக்கு ஒரு நாள் ஹயர் ஓடாம அவள கூட்டிட்டு போனேன். அவளோட ரிசல்ட்டு அவளோட உழைப்பு, அத அவதான் எழுதணும், நான் ஒரு நம்பர் கூட இங்க சொல்ல மாட்டேன். என் கண்ணால பாத்ததும் அவ எனக்கு வெளங்கப்படுத்துனதும் மட்டுந்தான் இதுல இருக்கு.

மூனு எடம். ஒன்னு அக்கரப்பத்தனைக்கு மேல காட்டுக்குள்ள இருந்து எறங்குற ஓடை. ரெண்டாவது நானுஓயா பக்கம், மரக்கறித் தோட்டங்களையும் தோட்டத்து ஆளுங்க இருக்கிற லயன் வீடுகளையும் டவுன் கானையும் தாண்டி தண்ணி வர்ற எடம். மூனாவது தலவாக்கலையில மேல் கொத்மலை அணைக்கட்டுல தேங்கி நிக்கிற தண்ணி. அக்ரா ஓயா, டம்பகஸ்தலாவ ஓயா, நானு ஓயா எல்லாம் சேந்துதான் கொத்மலை ஓயா, அது போயி மகாவலியில விழுது. 335 கிலோமீட்டர் ஓடி திருகோணமலையில கடல்ல சேர்ற மகாவலி நம்ம லயத்து பீலியில இருந்துதான் பொறப்படுதுங்கிறத நான் இதுக்கு முந்தி யோசிச்சதே இல்ல.

காலையில எட்டு மணிக்கு பனி வெலகுறதுக்கு முந்தியே எறங்கிருவோம். நல்ல மெல்லிசு வலையில கூம்பு மாதிரி ஒரு பை, அதோட நுனியில சின்ன போத்தல். அதுல வாளி வாளியா தண்ணிய அளந்து ஊத்துவா, தண்ணி வடிஞ்சு உசுருக மட்டும் போத்தல்ல தங்கும். தனியா ஒரு லீட்டர் போத்தல்லயும் தண்ணி எடுப்பா, வலைக்கண்ணுல தப்பிப் போற ரொம்ப பொடிசுகளும் அதுல மாட்டும்ல அதுக்கு. அப்புறம் அயடீன் கலந்த ஒரு மருந்த சொட்டு சொட்டா விடுவா, எவ்வளவு விடணும்னா தண்ணி சாயத்தண்ணி நெறத்துக்கு வரணும். உண்மையாவே அதுதான் அளவாம், வெளிநாட்டுலயும் லேசான தேத்தண்ணி நெறம்னுதான் சொல்லுவாங்களாம். தேயிலக்காட்டு புள்ள கைக்கு அந்த நெறம் தெரியாமலா போகும், ஒரு தடவ கூட அவளுக்கு கூடிக் கொறையல. மூனாவது எடத்துல வெள்ளையும் கறுப்புமா பிரிச்ச ஒரு தட்ட கயித்துல கட்டி தண்ணிக்குள்ள எறக்கி, எவ்வளவு ஆழத்துல மறையுதுன்னு அளப்பா. செக்கின்னு ஒரு இத்தாலிக்காரர் 1865ல செஞ்ச முறை, இன்னைக்கும் ஒலகம் பூரா அதத்தான் பாவிக்கிறாங்க. ஒரு தட்டும் கயிறும் போதும், நம்ம ஒவ்வொரு தோட்டத்துலயும் ஒருத்தருக்கு பழக்கிக் குடுத்தா செய்யலாமேன்னு எனக்கு அப்பவே தோணுச்சு.

வீட்டுக்கு வந்து தண்ணிய ஒரு நாளோ ரெண்டு நாளோ ஆடாம வச்சு அடியில படிய விட்டு, ஒரு மில்லிலீட்டர் மட்டும் புடிக்கிற ஒரு கண்ணாடித் தட்டுல ஊத்தி மைக்ரோஸ்கோப்ல வச்சு எண்ணுவா. அந்த தட்டுல கட்டம் போட்டிருக்கும், 1000 கட்டம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எண்ணிக்கிட்டு இருப்பா, அக்கா சாப்பிட வான்னு கத்தும்.

மொத மாசம் என்னைய கூப்ட்டு பாக்க சொன்னா. காட்டு ஓடைத் தண்ணியில ரொம்ப எல்லாம் ஒன்னும் இல்ல, தேடிப் பாக்கணும், ஆனா ஒவ்வொன்னும் ஒவ்வொரு தினுசு. படகு மாதிரி, ஊசி மாதிரி, விசிறி மாதிரி, மேல கீறல் கீறலா கோலம் போட்ட மாதிரி. அதுகதான் டயட்டமாம், கண்ணாடி செய்ற அதே சிலிக்காவுலதான் அதுகளுக்கு ஓடு. இன்னொன்னு டெஸ்மிட், பச்சையா, நடுவுல ஒரு இடுப்பு வச்சு ரெண்டு பக்கமும் அச்சுல வார்த்த மாதிரி ஒன்னுபோல இருந்துச்சு, நான் பாத்ததுலயே அழகு அதுதான். உப்பு கொறஞ்ச, சுத்தமான, லேசா புளிப்புத் தன்மையுள்ள தண்ணியிலதான் அது வகை வகையா வாழுமாம். நம்ம இலங்கையோட நல்லதண்ணிப் பாசிகளப் பத்தி இங்கிலாந்துல வெஸ்ட்னு ஒரு அப்பாவும் மகனும் சேந்து 1902லயே எழுதி வச்சிருக்காங்கன்னு அவ சொன்னப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. 120 வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த ஓடை தண்ணியத்தான் நாங்க பொறந்ததுல இருந்து குடிக்கிறோம், அதுக்குள்ள இப்பிடி ஒன்னு இருக்குன்னு எங்க ஆளுங்க ஒருத்தருக்கும் தெரியாது.

ரெண்டாவது எடத்துத் தண்ணியில கூட்டம் ஜாஸ்தி. ஆனா டெஸ்மிட் இல்ல. நாலு நாலா ஒட்டிக்கிட்டு இருக்கிற பச்சப் பாசி, நூல் நூலா ஆடுற ஒசிலடோரியா, செவப்பு கண்ணு வச்சு நீந்துற யூக்ளினா. யூக்ளினா அழுக்குக்கு ஆசப்படுற ஜாதி. கக்கூஸ் தண்ணி, சாணி, சாக்கடை கலக்குற எடத்துல அது பெருகும். பாமர்னு ஒருத்தர் 1969ல 20 வகை பாசிக்கு மார்க் போட்டு ஒரு கணக்கு செஞ்சாராம், யூக்ளினாவுக்கு 5, அதுதான் ஆகக் கூட்டின மார்க், அந்த தண்ணியில இருக்கிறதுக்கெல்லாம் மார்க்க கூட்டி 20ஓ அதுக்கு மேலயோ வந்தா கழிவு நல்லா கலந்திருக்குன்னு அர்த்தம். நான் படிக்கிற காலத்துல மார்க்கு கூடுனா சந்தோசப்படுவோம், இது கூடுனா வயிறு கலங்கணும்.

மூனாவது எடத்துல மாசி, பங்குனி வெயிலுக்கு எடுத்த தண்ணியப் பாத்தப்ப தட்டு பூரா ஒரே மாதிரி. பொடிப் பொடி உருண்டைக கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு, வேற ஒன்ன தேடித்தான் புடிக்கணும். இது என்ன புள்ள, ஒரே ஆளு இருக்காங்கன்னு கேட்டேன். அதுதான் மாமா பிரச்சினையேன்னு சொன்னா.

அய்யா, நான் சொல்ல வந்த விஷயம் இங்கதான் இருக்கு. எத்தனை இருக்குங்கிறது ஒரு கணக்கு, எத்தனை வகை இருக்குங்கிறது வேற கணக்கு. ஞாயித்துக்கிழம சந்தைக்கு போறோம். ஒரு கடையில கரட், கோவா, பீட்ரூட், போஞ்சி, முள்ளங்கி, கீரைன்னு இருவது சாமான் கொஞ்சம் கொஞ்சமா இருக்கு. பக்கத்து கடையில மல மாதிரி லீக்ஸ், லீக்ஸ் மட்டுந்தான். தராசுல வச்சா ரெண்டாவது கடதான் பெருசு. ஆனா லீக்ஸ் வெல விழுந்த அன்னைக்கு மொத கடைக்காரன் பொழச்சுக்குவான், ரெண்டாவது ஆளு குடும்பத்தோட தெருவுக்கு வந்துருவான். ஆறும் அப்பிடித்தான். வகை வகையா இருக்கிற வரைக்கும் ஒன்னு கொறஞ்சா இன்னொன்னு அந்த எடத்த புடிச்சு தண்ணிய காப்பாத்தும். ஒரே ஜாதி பெருகிருச்சுன்னா, அது செத்து அழுகுற அன்னைக்கு தண்ணியில இருக்கிற ஒட்சிசன் பூரா அந்த அழுகல்லயே போயிரும், மீனு மேல வந்து வாய பொளக்கும். சாகாம இருந்தாலும் ராத்திரியில வெயில் இல்லாம அதுகளும் ஒட்சிசன இழுக்கத்தான செய்யும், அதுனாலதான் மீனு சாகுறது பெரும்பாலும் விடியக்காலையில. இந்த வகை கணக்கு பாக்கிற முறைய ஷனன்னு ஒருத்தர் 1948ல கண்டுபுடிச்சிருக்காரு, அவரு ஆறு கொளம் பாக்கிறவரு கூட இல்ல, டெலிபோன் கம்பெனியில வேல பாத்தவரு, செய்தி அனுப்புறதுக்கு போட்ட கணக்கு இப்ப ஆத்துக்கு ஒதவுது. அந்த கணக்குல கடைசியா வர்ற நம்பர் பொதுவா 3க்கு மேல வந்தா நல்லம், 1க்கு கீழ போனா ரொம்ப மோசம்.

ஏன் பெருகுதுன்னு கேட்டா பதில் நம்ம கையில இருக்கு. பொஸ்பேட்டும் நைட்ரேட்டும். நல்லதண்ணியில பெரும்பாலும் பொஸ்பரசுதான் தட்டுப்பாடு, அது இல்லாததுனாலதான் பாசி அடங்கி இருக்கு. ஒரு கிலோ பொஸ்பரசு போயி சேந்தா 500 கிலோ வரைக்கும் பாசி வளரலாம்னு சொல்றாங்க. இத கேட்ட அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல. எங்க மாமனாரு வீட்டு மரக்கறித் தோட்டத்துல மழைக்கு முந்துன நாள் மூட்ட மூட்டையா உரம் போட்டுட்டு, அடுத்த நாள் சரிவுல மண்ணோட செவப்பா தண்ணி ஓடுறத நானே எத்தனையோ தடவ பாத்துக்கிட்டு நின்னிருக்கேன். அதோட கோழி உரம். அதோட சவர்க்காரம், வோஷிங் பவுடர். அதோட குழி நெறஞ்சு வழியிற கக்கூஸ். அதோட ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுல வந்து குவியிற சனம், ஹோட்டல் கழிவு. 1873ல கட்டுன கிரகரி வாவி பச்ச புடிச்சு கெடக்கிறது அங்க போட் ஓடப் போற எல்லாரும் பாத்ததுதான், அந்த தண்ணிதான் நானு ஓயாவா கீழ வருது. இதுக்கு பேரு ஸ்கூல் புத்தகத்துல நற்போசணையாக்கம். "நல்ல போசணை"ன்னு பேர கேட்டா சத்துணவு மாதிரி இருக்கு, ஆனா நடக்கிறது என்னமோ ஆறு மூச்சு முட்டுறது.

ஓடுற தண்ணியில இது அவ்வளவா தெரியாது. ஓடையில வேகம் இருக்கு, பாசிக்கு நின்னு பெருக நேரமில்ல, உரம் எவ்வளவு கரைஞ்சிருந்தாலும் தண்ணி கண்ணாடியா இருக்கும், நாமளும் கையில அள்ளி குடிச்சிருவோம். அணைக்கட்டுல வந்து நின்ன ஒடனதான் அத்தனையும் பச்சையா வெளிய வரும். மழைக்காலத்துல இன்னொரு ஏமாத்து. ஜூன், ஜூலையில வெள்ளம் எல்லாத்தையும் அடிச்சிட்டு போயிரும், சேத்துக்கு வெயிலும் உள்ள போகாது, அப்ப எண்ணிப் பாத்தா பாசி கொறவுதான். அந்த மாசத்துல மட்டும் வந்து ஒரு போத்தல் தண்ணி எடுத்துட்டு எல்லாம் நல்லம்னு எழுதிட்டு போனா அது நம்மள ஏமாத்துற வேல. வருஷம் பூரா பாக்கணும், ஒரே எடத்துல பாக்கணும்.

இது புதுசா வந்த பிரச்சினையும் இல்ல. மேல் கொத்மலைக்கு கீழ இருக்கிற பழைய கொத்மலை நீர்த்தேக்கம் 1985ல தொடங்குச்சு, ஆறே வருஷத்துல, 1991ல, அதுல மைக்ரோசிஸ்டிஸ்ங்கிற நீலப்பச்சைப் பாசி ஏடு கட்டிப் பெருகிருச்சு. 1999ல கண்டி வாவியிலயும் அதே மைக்ரோசிஸ்டிஸ். நான் மேல சொன்ன பொடி உருண்டைக் கொத்து அந்த ஜாதிதான். அதுக்குள்ள காத்துப் பை இருக்கும், அதுனால மேல மெதந்து வெயில முழுசா தான் எடுத்துக்கும், கீழ இருக்கிற டயட்டத்துக்கு இருட்டு. தண்ணியில இருக்கிற சின்னப் பூச்சிகளுக்கு அது நல்ல சாப்பாடும் இல்ல, கொத்து பெருசு, சத்து கொறவு, சிலது விஷம் வேற. மைக்ரோசிஸ்டின்னு ஒரு விஷம், நேரா ஈரலத்தான் புடிக்கும். குடிக்கிற தண்ணியில ஒரு லீட்டருக்கு 1 மைக்ரோகிராம் வரைக்குந்தான் இருக்கலாம்னு ஒலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிரேசில் நாட்டுல கருவாரு டவுன்ல 1996ல சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்தம் பண்ண பாவிச்ச தண்ணியில இந்த விஷம் கலந்து 50 பேருக்கு மேல செத்துப் போனாங்க. எல்லா பச்சத் தண்ணியிலயும் விஷம் இருக்குன்னு நான் சொல்லல, அதே ஜாதியிலயே விஷம் செய்றதும் இருக்கு செய்யாததும் இருக்கு, பாத்து தெரிஞ்சுக்க முடியாது, சோதிச்சாத்தான் தெரியும்.

இதுல எனக்கு ஆகப் பயம் என்னன்னா நம்ம ஆளுங்க எல்லாரும் நம்புறது கொதிக்க வக்கிறத. கிருமிக்கு அது சரி, கட்டாயம் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும். ஆனா இந்த விஷம் கொதிச்சா போகாது. பாசி செல்லு வெடிச்சு உள்ள இருக்கிறதும் தண்ணியில கலந்துரும். எங்கம்மா வெறகு பொறுக்கி வந்து கேத்தல்ல தண்ணி காய வச்சு ஆற வச்சு வடிகட்டி எங்களுக்கு குடுத்தாங்க, அது போதும்னு நெனச்சாங்க, இன்னைக்கும் லயத்துல எல்லா அம்மாவும் அதத்தான் செய்றாங்க. பச்ச ஏடு கட்டுன தண்ணிய குடிக்கவோ கொழந்தைகள குளிக்க விடவோ மாட்டுக்கு காட்டவோ கூடாதுன்னு அவங்களுக்கு தமிழ்ல யாராவது சொல்லியிருக்காங்களா? நான் கேட்ட வரைக்கும் யாரும் சொல்லல.

ஒரு தடவ அக்கா மகளோட ஒரு ஆபீசுக்கு போயி, இந்த தண்ணியில பாசி எண்ணுன பழைய விபரம் ஏதும் இருக்கான்னு கேட்டோம். இருந்த ஐயா நல்ல மனுசன்தான், உக்காரச் சொன்னாரு, ஆனா கிருமி சோதன மட்டுந்தான் செய்றோம், அதுவும் யாருக்காவது வருத்தம் வந்தா போயி எடுப்போம்னு சொன்னாரு. மஞ்சக்காமால வந்த பின்னாடி போத்தலோட வர்றாங்க. கழிவு கலக்குறத பாசி அதுக்கு முந்தியே சொல்லிரும். அதுகளுக்கு ஆயுசு சில நாள்தான், அதுனால தண்ணி மாறுன அடுத்த வாரமே வகை மாறும். மெஷின்ல அளக்கிறது அந்த நிமிஷத்து தண்ணிய மட்டுந்தான் சொல்லும், போன வாரம் என்ன ஓடுச்சுன்னு பாசிதான் சொல்லும்.

மரக்கறி செய்றவங்கள நான் குத்தம் சொல்லல, அவங்க எங்க சொந்தக்காரங்க. உரத்த நிப்பாட்டுனா என்ன ஆகும்னு அரசாங்கம் இரசாயன உரத்த தடை செஞ்ச 2021ல நாடே பட்டு பாத்துச்சு, தேயிலையும் போச்சு மரக்கறியும் போச்சு. உரம் போடட்டும், மண்ண சோதிச்சுட்டு தேவைக்கு போடட்டும், கன மழைக்கு முந்தி போட வேணாம். ஆத்தோரத்துல கடைசி அடி வரைக்கும் கொத்தாம புல்லும் மூங்கிலும் நிக்கிறதுக்கு கொஞ்சம் நெலம் விடட்டும், அந்த வேருதான் மண்ணையும் பொஸ்பேட்டையும் புடிச்சு வக்கும். லயத்துக்கு ஒழுங்கான கக்கூஸ் குழி கட்டிக் குடுக்கிறது தோட்டத்தோட, அரசாங்கத்தோட வேல, ஆத்தோரமா ஒதுங்குறவங்கள திட்டி என்ன பிரயோசனம், அவங்களுக்கு வேற எடம் குடுத்தீங்களா.

கொத்மலை ஓயாவ மட்டும் நான் சொல்லல. அந்தப் பக்கம் காசல்ரீ 1965ல கட்டுனது, மவுசாக்கலை 1969ல. மவுசாக்கலையில தண்ணி வத்துற காலத்துல பழைய மஸ்கெலியா டவுனும் கோயிலும் மேல தெரியும், எல்லாரும் போயி போட்டோ எடுப்பாங்க. அந்த வத்துற காலத்துலதான் மிச்சத் தண்ணி சூடாகி உரமெல்லாம் கெட்டியாகி பாசி பெருக வசதியா இருக்கும். சிவனொளிபாதமலை சீசனும் மார்கழியில இருந்து வைகாசி வரைக்கும், அடிவாரத்து ஊருக்கு பேரே நல்லதண்ணி, அத்தன லட்சம் சனத்தோட கழிவும் அந்த பக்கந்தான் எறங்கணும். கெஹல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேந்துதான் களனி கங்கை, கொழும்பு குடிக்கிற தண்ணி பெரும்பாலும் அதுலதான் எடுக்கிறாங்க. கொழும்புல பெரிய சுத்திகரிப்பு நெலயம் இருக்கு, ஆளு இருக்கு. மேல இருக்கிற எங்களுக்கு பீலியும் ஒரு கறுப்பு பைப்பும்தான்.

அதுனால நான் கேக்கிறது இதுதான். நம்ம மலையகத்து பெரிய ஓயாக்கள்லயும் நீர்த்தேக்கங்கள்லயும் மாசா மாசம் பைட்டோபிளாங்டன எண்ணணும், எண்ணிக்கையும் வேணும் வகையும் வேணும், பச்ச ஏடு தெரிஞ்ச எடத்துல விஷம் இருக்கான்னு சோதிக்கணும், அத தமிழ்லயும் சிங்களத்துலயும் அந்த ஊர் சனத்துக்கு அறிவிக்கணும். மழை எவ்வளவு பெஞ்சுச்சு, நீர்த்தேக்கம் எத்தனை வீதம் நெறஞ்சுதுன்னு நீங்க போடுறீங்க, அது கரண்டுக்கு. தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னும் ஒரு சின்ன கட்டம் போடுங்கய்யா. எண்ண ஆளு இல்லன்னு சொன்னா நம்ப மாட்டேன், எங்க ஸ்கூல்கள்ல பயோ படிச்ச புள்ளைங்க வேல இல்லாம வீட்டுல இருக்காங்க, ஒரு நல்ல மைக்ரோஸ்கோப்பும் ஆறு மாச பயிற்சியும் குடுத்தா அவங்க எண்ணுவாங்க. எங்க வீட்டுல ஒருத்தி அத தனியா செஞ்சு முடிச்சிருக்கா.

இன்னொன்னு. அந்த மரகதப் படம் எடுத்த தம்பிய ஒரு நாள் தலவாக்கலைக்கு அனுப்பி வைங்க. பஸ் ஸ்டாண்ட்ல நான் நிப்பேன், மூனு எடத்துக்கும் கூட்டிட்டு போறேன், காசு வேணாம். அக்கா மகளும் வரேன்னு சொல்லியிருக்கா. காட்டு ஓடையில ஒரு சொட்டு, அணைக்கட்டுல ஒரு சொட்டு, ரெண்டையும் அவ மைக்ரோஸ்கோப்ல வச்சு காட்டுவா. ரெண்டையும் படம் புடிச்சு பக்கத்துல பக்கத்துல போடுங்க. காலையில ஏழரைக்கு முந்தி வந்தா நல்லம், பத்து மணிக்கு மேல காத்து அடிச்சா ஏடு கரையில ஒதுங்கிரும்.

இப்படிக்கு,
ஆட்டோ சாரதி ஒருவர்,
தலவாக்கலை.